நான்காம் மெஷினின் சத்தம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்ன கேட்டாலும் நான் "ம், ம்" என்று மட்டும் சொன்னதில் உனக்குக் கோபம் இருக்கும். இங்கே வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் போன் கையில் கிடைக்கும். அதையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு வார்டன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். கம்பெனி விடுதிக்கு வரும் கடிதங்களையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவாள். அதனால் உறையின் பின்னால் எழுதியிருக்கும் மருந்துக்கடை விலாசத்துக்கே எழுது. கடைக்கார அம்மாவிடம் பேசி வைத்திருக்கிறேன். தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் போய் வாங்கிக்கொள்வேன். மாதத்தில் எனக்கு எத்தனை தலைவலி வர வேண்டும் என்பது இனி உன் கையில் இருக்கிறது.

நீ கொடுத்த ரெக்கார்டர் ஏப்ரன் பைக்குள் அடங்கிவிட்டது. அதன் மெமரி கார்டைக் கைக்குட்டையில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரச் சத்தம் இருக்கிறது. என்னென்ன சத்தம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசையில் ஆறு பிரஸ் மெஷின்கள். டப்பா மூடி அடிக்கிறோம். தகட்டை வைத்துக் கையை வெளியே எடுத்ததும் முன்னால் ஒரு கம்பிவலைக் கதவு இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அது 'டிக்'. கதவு பூட்டிய பிறகுதான் மேலிருந்து அச்சு விழும். அது 'டம்'. கதவு பூட்டாவிட்டால் அச்சு விழாது. நாள் முழுக்க டிக், டம், டிக், டம்.

இருப்பதிலேயே நான்காம் மெஷினின் சத்தம்தான் நன்றாக இருக்கிறது. அதில் உட்காருகிறவள் என் அறைத்தோழி. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் 'கண்ணாடி'. விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். "உன் தம்பி பாட்டுல என் மெஷின் வருதுன்னா நானும் பாடகிதானே" என்று இரண்டு நாளாக ஒரே அலட்டல்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உண்மையை எழுது. போனில் அவளைக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் வராது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டு வந்தது. கேட்டதும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். "இதெல்லாம் பாட்டாடா? சமையல்கட்டுல பாத்திரம் உருள்ற சத்தம்" என்றாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறாள்.

ஸ்டுடியோவில் என் வேலை என்னவென்று முன்பு ஒருமுறை கேட்டிருந்தாயே. கைதட்டல் ஒட்டுவது. யாரும் கைதட்டாத பேச்சுக்குக் கைதட்டலும் யாரும் சிரிக்காத விளம்பரத்துக்குச் சிரிப்பும் ஒட்டுகிறேன். எங்கோ எப்போதோ நாற்பது பேர் தட்டிய ஒரே கைதட்டலை வெட்டி வெட்டிப் பத்து இடத்தில் வைத்தால் ஆயிரம் பேர் தட்டிய மாதிரி ஆகிவிடும். அதைக் கேட்டு முதலாளிகள் சந்தோஷப்படுகிறார்கள். இந்தப் பிழைப்பிலிருந்து வெளியே வரத்தான் சொந்தமாக ஒரு பாட்டு போடப் பார்க்கிறேன்.

எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன் கேள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பலகை இருக்கும். இடமிருந்து வலம் நேரம் ஓடும். நீ அனுப்பிய சத்தத்தை ஒவ்வொரு 'டிக்'காக, ஒவ்வொரு 'டம்'மாக நறுக்கிக் கட்டத்தில் வைக்க வேண்டும். கண்ணாடி அக்கா சில தடவை முந்துகிறார், சில தடவை பிந்துகிறார். மனுஷக் கை அப்படித்தானே. ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாத் துண்டும் நகர்ந்து கோட்டில் போய் நிற்கும். அதன்மேல் நான் தாளம், குரல் எல்லாம் அடுக்குவேன்.

கார்டைக் காலி செய்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்காம் மெஷினை மட்டும் ஒரு மணி நேரம் விடாமல் எடுத்துக் கொடு. மாட்டிக்கொள்ளாதே.

உன்
தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நீ கேட்டது கார்டில் இருக்கிறது. நேற்று, 23ஆம் தேதி, நான்காம் மெஷின் பக்கத்திலேயே நின்று எடுத்தேன். பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. நீ சொன்னாயே, எல்லோரையும் கோட்டில் நிறுத்தும் பட்டன், எங்கள் சூப்பர்வைசரும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். கையில் ஸ்டாப்வாட்ச்சோடு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகக் கேள். கேட்டால் உனக்கே புரியும். கம்பெனி கேட்டில் பையைத் துழாவுகிறார்கள். அதனால் கூடுதலாக எழுத முடியவில்லை.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பாட்டை நேற்று இணையத்தில் போட்டுவிட்டேன். ஒரே நாளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? இதுவரை "டேய்" என்று மட்டுமே கூப்பிட்ட ஸ்டுடியோ மாஸ்டர் இன்று காலையில் "வாப்பா, டீ குடிக்கிறியா" என்றார். நம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேஜையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தடவை பதிவில் ஒரு சின்னக் குறை இருந்தது. 'டம்' மட்டும் கேட்கிறது, 'டிக்' விழவே இல்லை. ஏப்ரன் துணி மறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அது இல்லாமல் 'டம்' மொட்டையாக விழுந்தது. முன்னால் ஒரு சின்னச் சத்தம் வந்தால்தான் பெரிய சத்தத்துக்குக் காது தயாராகும். அதனால் பழைய கார்டிலிருந்து ஒரே ஒரு நல்ல 'டிக்'கை எடுத்து எல்லா 'டம்'முக்கும் முன்னால் ஒட்டிவிட்டேன். அறுபத்து நான்கு இடம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "மார்ச் 23 அன்று ஒரு தொழிற்சாலையில், நான்காம் எண் இயந்திரத்தில் பதிவு செய்த உண்மையான சத்தம். ஒரு துளிகூட மாற்றவில்லை." அந்த வரிக்காகவே நிறையப் பேர் கேட்கிறார்கள். நெற்றியில் வியர்வை படாதவனுக்கு அடுத்தவன் வியர்வை என்றால் ஒரு மயக்கம்.

கார்டில் இருந்ததைச் சுத்தமாக அழித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன்
தம்பி

ஏப்ரல் 7

தம்பிக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. வருவதற்குள் இது உன் கையில் கிடைக்க வேண்டும். அந்தக் கார்டை அழிக்காதே. தபாலில் அனுப்பாதே. யாரிடமும் காட்டாதே.

நான் எழுதப் பயந்ததை இப்போது எழுதுகிறேன். மார்ச் 19 காலையில் ஆறு மெஷினிலும் கம்பிவலைக் கதவைத் தூக்கி, கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். பூட்டு இருக்கும் இடத்தில் ஒரு காந்தத்தை ஒட்டினார்கள். கதவு மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். கதவு இறங்கி ஏறும் நேரம் மிச்சமாம். அன்றிலிருந்து எங்கள் வரிசையில் 'டிக்' கிடையாது. கைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. உன்னை முழுதாகக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.

ஏப்ரல் 2, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடியின் வலது கை. நான்கு விரல். நான் மூன்றாம் மெஷினில் இருந்தேன். அவள் கத்தவில்லை. மெஷின் நின்றதால்தான் திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி கழன்று தகட்டின் மேலே கிடந்தது. "என் கண்ணாடி எங்க, என் கண்ணாடி எங்க" என்று இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கம்பியை அவிழ்த்துவிட்டார்கள். காந்தத்தைச் சூப்பர்வைசர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 'கதவு எப்போதும் ஒழுங்காக இயங்கியது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு கையை உள்ளே விட்டார்.' நானும் போட்டேன் தம்பி. பேனாவைக் கையில் திணித்துவிட்டு, "அடுத்தது யாரு, சீக்கிரம்" என்றார்கள். போட்டுவிட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார்கள். வாயால் சொல்கிற எதுவும் இனி எடுபடாது, எங்கள் எல்லோரின் கையெழுத்தும் அவர்களிடம் இருக்கிறது. இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். பத்திரம்.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

நான் எழுதிய கடிதமும் கார்டும் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

கார்டில் இருந்தது போய்விட்டது. வெட்டிய பிறகு, இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரிலிருந்தும் அந்த ஒரு மணி நேரத்தை அழித்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். எனக்குத் தேவை துண்டுகள்தான். அழித்ததை மீட்கும் மென்பொருள் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். உடைந்த சத்தம்தான் வந்தது. முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தவன் நான்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. பாட்டின் ஆரம்பத்தில் மெஷின் அறையின் இரைச்சல் வேண்டும் என்று பதினோரு விநாடியை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தேன். மேலே நான்கு அடுக்கு இசை இருப்பதால் பாட்டில் அது கேட்காது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டேன். நான்கு 'டம்'. ஒரு 'டிக்'கூட இல்லை. நடுவில் ஒரு பெண் குரல். அது கண்ணாடி அக்காதான் என்று நினைக்கிறேன். "கதவு இல்லாம காத்து நல்லா வருதுடி" என்கிறார். நீ சிரிக்கிறாய். அடுத்த 'டம்' விழுகிறது.



பாட்டுக் கோப்பைத் திறந்தாலே எந்தத் துண்டு எந்தக் கார்டிலிருந்து வந்தது, எங்கெங்கே ஒட்டினேன் என்பதெல்லாம் தெரியும். அறுபத்து நான்கு 'டிக்'கும் ஒரே துண்டு என்று குழந்தைக்கும் காட்டிவிடலாம். என்ன செய்யட்டும், சொல்.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நேற்று முதல் விசாரணை. கேன்டீன் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, தொழிலாளர் அலுவலக அதிகாரியை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். கம்பெனித் தரப்பில் வக்கீலும், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசரும். கண்ணாடி கையில் கட்டோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் லேப்டாப்பைத் திறந்து உன் பாட்டைப் போட்டார். கேன்டீன் முழுக்க ஒலித்தது. பிறகு நீ கீழே எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். "விபத்துக்குப் பத்து நாள் முன்னாடி, இதே நான்காம் மெஷின். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி கதவு பூட்டுற சத்தம் கேக்குது பாருங்க. இதை எங்க ஆள் யாரும் பண்ணல. வெளியில இருக்கிற ஒரு பையன், ஒரு துளிகூட மாத்தலன்னு அவனே எழுதியிருக்கான்."

கண்ணாடி என்னைப் பார்த்தாள்.  நான் எழுந்து நின்றிருக்கலாம். கால் வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்டது இதுதான்: "நம்ம மெஷின் அப்படியா சத்தம் போட்டுச்சு? எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி."

இப்போது நான்காம் மெஷினில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். விசாரணை நடப்பதால் கதவு இறங்குகிறது. ஆனால் கட்டிய கம்பியை எடுக்கவில்லை. சுருட்டி மேலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கிறேன். "என்ன மேல பாக்குற? இது முடியட்டும், ஆர்டர் பாக்கி இருக்கு" என்றார் சூப்பர்வைசர். விசாரணையில் கண்ணாடி தோற்றால் மறுநாளே கட்டிவிடுவார்கள். ஆறு மெஷின், பன்னிரண்டு கை. அதில் இரண்டு என்னுடையது.

அடுத்த விசாரணை 28ஆம் தேதி, காலை பத்து மணி. நீ வர வேண்டும். பாட்டுக் கோப்போடு வந்து, ஒட்டினேன் என்று சொல்ல வேண்டும். பதினோரு விநாடியைப் போட்டுக் காட்ட வேண்டும். ரெக்கார்டரை உள்ளே கொண்டுபோனது நான்தான் என்று நான் சொல்லிவிடுகிறேன். வேலை போகும். போகட்டும்.

வருகிறாய்தானே?

அக்கா

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்ததும் கோபப்படாதே. முழுதாகப் படி.

உன் கடிதம் வந்த அன்றே உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பாட்டைப் போடு தம்பி, நேர்ல கேக்கணும்" என்றார். விரலால் மேஜையில் தாளம் போட்டபடியே முழுதும் கேட்டார். பிறகு, "அம்மாவுக்கு முழங்கால் வலியாமே" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் அக்கா? நீ போனில் கேட்டதை வார்டன் சொல்லியிருப்பாள். 

ஒரு தாளை நீட்டினார். பாட்டின் கீழே நான் எழுதியது உண்மை, எதையும் மாற்றவில்லை என்று நான்கு வரி. "யார் ரெக்கார்ட் பண்ணாங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். உங்க அக்கா வேலைக்கும் ஒண்ணும் வராது. நீ ஏற்கனவே உலகத்துக்கே சொன்னதைத்தான் எழுதிக் கேக்கிறோம்." மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டு, "உன் வீட்டு வம்பை என் ஸ்டுடியோவுக்குள்ள இழுத்துட்டு வராத, போட்டுக் குடுத்துடு" என்றார்.

போட்டுவிட்டேன். பயத்தில் போட்டேன். உனக்காகவும்தான். கண்ணாடி அக்காவின் விரல் இனி வரப் போவதில்லை. உன் வேலையாவது மிஞ்சட்டும். ரெக்கார்டரைக் கிணற்றிலோ ஆற்றிலோ போட்டுவிடு. 28ஆம் தேதி நீ வாயைத் திறக்காதே. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாக வாசல் கதவை யார் தட்டினாலும் அவள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

பதினோரு விநாடி இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது.

உன்
தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

உன் கடிதம் 26ஆம் தேதியே கிடைத்தது. மருந்துக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன். கடைக்கார அம்மா கேட்காமலேயே தண்ணீர் கொடுத்தாள்.

28ஆம் தேதி நீ கையெழுத்துப் போட்ட தாளை வக்கீல் படித்தார். படித்து முடித்ததும் நான் எழுந்தேன். இந்த முறை கால் வந்தது.  "என்னம்மா?" என்று அதிகாரி மூன்று தடவை கேட்டார்.

"அந்தத் தாளில் இருப்பது பொய். கையெழுத்துப் போட்டது என் தம்பி" என்றேன்.

ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தேன். 3ஆம் தேதி நான் போட்ட கையெழுத்தும் பொய், அதற்காக என்ன தண்டனையோ கொடுங்கள் என்றேன். பிறகு உன் கடிதங்களைக் கொடுத்துவிட்டேன். அறுபத்து நான்கு இடத்தில் ஒட்டினேன் என்று நீ எழுதியது, பதினோரு விநாடியில் என்ன கேட்கிறது என்று எழுதியது, பயத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியது. மூன்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். வக்கீல் எழுந்து, "இதெல்லாம் அக்கா தம்பி பேசிக்கிட்டது" என்றார். அதிகாரி, "பேசிக்கிட்டதுதானே எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு உரக்கப் படித்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவது இருக்கிறதே, அந்தக் கடிதத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை.

கண்ணாடி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "காத்து நல்லா வருதுடி" என்ற இடம் வந்ததும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாம் மெஷின்காரி எழுந்து, "கட்டித்தான் வெச்சிருந்தாங்க சார்" என்றாள். அவள் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மேஜையை நானும் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலையே என் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டார்கள். எங்கே தங்கியிருக்கிறேன் என்று எழுதப் போவதில்லை. மருந்துக்கடை விலாசத்துக்கும் இனி எழுதாதே. கம்பெனி ஆள் இரண்டு முறை வந்து விசாரித்தானாம். உன்னிடம் வந்து கேட்டால் உனக்குத் தெரியாது என்பதே நல்லது. கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

உன் கம்ப்யூட்டரை எடுத்து வரச் சொல்லி உனக்கு நோட்டீஸ் வரும். கடிதத்தில் எழுதியது காதால் கேட்டது ஆகாது, அந்தப் பதினோரு விநாடியைக் கேட்ட பிறகுதான் முடிவு சொல்வேன் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நோட்டீஸ் உன் கைக்கு வர இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். அந்த ஐந்தாறு நாளும் கம்ப்யூட்டர் ஸ்டுடியோவில் உன் அறையில் இருக்கும். நீ இருப்பாய். மாஸ்டர் இருப்பார். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்ட அந்த ஆளும் வருவான்.

உன்மேல் கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, இருப்பது பயம்தான் என்று தெரிகிறது. எனக்காக என்று சொல்லிக்கொண்டே நீ அதை அழித்துவிடுவாயோ என்ற பயம்.

அழித்தால், அழித்தது என் தம்பிதான் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வேன்.

அக்கா